இன்னொரு நடை

தென்னாப்பிரிக்காவில் ஆற்றுப் படகுப் பந்தயக்காரர்கள் தங்களுக்கு உதவியாக வருபவரை 'செகண்ட்' என்று அழைக்கிறார்கள். இரண்டாமவர். துடுப்புப் போடுபவர் ஆற்றுவழி போவார். இரண்டாமவர் சாலைவழி போய், ஆறும் பாதையும் சந்திக்கும் இடங்களில் காத்திருந்து, குடிக்கத் தண்ணீர், வாழைப்பழம், உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு, உலர்ந்த சட்டை, படகில் விரிசல் விட்டால் ஒட்டுவதற்கு நாடா என்று எடுத்துக் கொடுப்பார். அவர் பெயர் முடிவுப் பட்டியலில் வராது. சில ஆண்டுகளுக்கு முன் மூன்று நாள் அந்த வேலையைப் பார்த்தேன். முதல் நாள் காலையில் அந்தச் சொல்லைக் கேட்டதும் சிமோன் தெ பொவாரை நினைத்துச் சிரித்தேன். 1949இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே 'இரண்டாம் பாலினம்' அல்லவா. இரண்டாம் நாள் மதியத்துக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மதியத்தில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெரிய குற்றமில்லை. ஒரு சத்தம் போட்டேன், அவ்வளவுதான்.

ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழ்ப் பெண்களின் பாடல்களையும் கல்லறை எழுத்துகளையும் தேடி நான் டர்பனுக்குப் போயிருந்தேன். என்னைத் தங்கவைத்தவள் ஒரு பள்ளி ஆசிரியை. அவள் குடும்பம் அங்கே போய் ஐந்து தலைமுறை ஆகிறது. தமிழ் அவளுக்குச் சாமி கும்பிடவும் சமையலறையிலும் மட்டும் எஞ்சியிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். ஆனால் என்னை முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டாள். வயது நாற்பத்தொன்று. முப்பத்தாறாவது வயதில் முதன்முதலாகக் கயாக்கில் உட்கார்ந்தவள். அந்த பிப்ரவரியில் டூசி பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். "நீங்க எனக்குச் செகண்டா வருவீங்களா அக்கா? கார் ஓட்ட அண்ணன் பையன் இருக்கான். நீங்க பையைத் தூக்கினாப் போதும்" என்றாள். போனேன்.

டூசி என்பது உம்சுண்டுசி ஆற்றின் செல்லப்பெயர். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்தில் படகை இறக்கினால், உம்சுண்டுசியில் போய், அது கலக்கும் உம்ங்கேனியில் இறங்கி, இனாண்டா அணையின் தேங்கிய நீரைக் கடந்து, டர்பனில் கடல் முகத்துவாரம் வரை சுமார் 120 கிலோமீட்டர். 1951 டிசம்பரில் எட்டு ஆண்கள் இந்த வழியில் முதல் பந்தயம் நடத்தினார்கள். போய்ச் சேர்ந்தவர் ஒருவர்தான், இயன் பிளேயர். வழியில் பாம்பு கடித்தும் விடாமல் 6 நாள் 8 மணி 15 நிமிடத்தில் கடலைத் தொட்டார். வெள்ளைக் காண்டாமிருகங்களை அழிவிலிருந்து காத்த முயற்சிக்காக உலகம் பின்னாளில் அறிந்தது அவரைத்தான். இப்போது பந்தயம் மூன்று நாள். இரவில் படுத்துத் தூங்கலாம். பெண்களை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது 1980களில்தான். அதுவரை அந்த ஆற்றில் பெண்ணுக்கு உரிய இடம் கரை.

டூசியை வெறும் படகுப் பந்தயம் என்று சொல்வது பாதி உண்மை. ஆறு வளைந்து வளைந்து போகும் இடங்களிலும், பாறையில் தண்ணீர் முறிந்து விழும் இடங்களிலும், படகைத் தோளில் தூக்கிக்கொண்டு குன்றேறி ஓடி மறுபக்கம் இறங்குவார்கள். ஒற்றை ஆள் கயாக்குக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், அதற்கேற்ற எடை, உள்ளே தங்கிய தண்ணீர் தனி. ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்று நம்மூரில் சொல்வார்கள். இங்கே ஓடம் தினமும் ஆள்மேல் ஏறுகிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் தூக்குவது குறையும். தண்ணீர் வற்றிய ஆண்டில் கூடும்.

அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தது. பிப்ரவரி அங்கே மழைக்காலத்தின் நடு. அப்போதும் ஆறு கற்களின் ஊடே நூலாக ஓடிக்கொண்டிருந்தது. வற்றிய ஆற்றில் படகு ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று தோழி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆழம் இல்லாத இடத்தில் படகு தான் எழுப்பும் அலையைத் தானே இழுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கும். பின்பகுதி அமிழும். அதே துடுப்புக்குப் பாதி வேகம்தான் கிடைக்கும். எனவே தண்ணீரை வாசிக்க வேண்டும். நீரின் மேல் அம்புமுனை கீழ்த்திசையைக் காட்டினால் அங்கே ஓட்டம் இருக்கிறது, போகலாம். முனை உன்னை நோக்கியிருந்தால் அடியில் கல் இருக்கிறது. வளைவுகளில் வெளிப்பக்கத்தை ஒட்டிப் போனால் ஆழம் கிடைக்கும். இவ்வளவு வாசித்தும் அடி தட்டினால் இறங்கி, வழுக்கும் கற்களில் கணுக்கால் பிசகாமல் இழுத்துக்கொண்டு நடக்கவேண்டும். பந்தயத்துக்காக மேலே அணையில் தண்ணீர் திறந்துவிடும் வழக்கம் உண்டு. "எப்படியும் விடவேண்டிய தண்ணிதான் அக்கா, விடுற நாளைத்தான் மாத்துறாங்க" என்றாள் தோழி. அந்த வாக்கியம் அப்போது எனக்குச் சாதாரணமாகப் பட்டது.

இன்னொன்றும் சொன்னாள். பந்தயம் முடிந்த மறுநாள் பலருக்கு வயிற்றுப்போக்கு வரும். நகரத்தின் கழிவு ஆற்றில் கலப்பதால் வருவது. நீர் குறைந்தால் கழிவின் அடர்த்தி கூடும். இந்த நோய்க்குப் படகுக்காரர்கள் வேடிக்கையாக 'டூசி கட்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டூசி வயிறு. கரையில் ஆண்டு முழுவதும் வாழ்பவர்களின் வயிற்றுக்கு யாரும் பெயர் வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

புறப்படுவதற்கு முந்தின இரவு தோழியின் அம்மாவுக்கும் அவளுக்கும் வாக்குவாதம். எழுபது தாண்டிய அந்த அம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டதை என் தமிழில் தருகிறேன்: "என் பாட்டி கரும்புக்கட்டு சுமந்தா. என் அம்மா தலையில காய்கறிக்கூடை வச்சு வீடுவீடா வித்தா. நான் துணி ஆலையில நின்னேன். எல்லாம் எதுக்கு? இவ சுமக்காம இருக்கட்டும்னுதான். இவ என்னடான்னா காசு கட்டி, லீவு போட்டு, படகைத் தோளில தூக்கிட்டு மலை ஏறுறா. இது யாருக்காக, நீயே கேளு."

நான் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை விடவும் முடியவில்லை.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்ற முதல் கப்பல் அது. 1911இல் அந்த முறை நிற்கும்வரை ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நட்டாலுக்குப் போனார்கள். பெண்ணுக்கு ஆணின் கூலியில் பாதி. அந்த அம்மாவின் கேள்விக்குப் பின்னால் இவ்வளவு பேர் நிற்கிறார்கள். அவர்கள் முன் நின்றுகொண்டு, 'விளையாட்டு உடம்புக்கு நல்லது' என்று பதில் சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கேள்வியின் சொற்களையும் கவனிக்க வேண்டும். எதற்காக என்று அந்த அம்மா கேட்கவில்லை. யாருக்காக என்று கேட்டார். பெண்ணின் உழைப்பை நோக்கி எப்போதும் வரும் கேள்வி இதுதான். ஒரு ஆண் இமயமலை ஏறினால் எப்படி ஏறினான் என்று கேட்பார்கள். பெண் ஏறினால் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வந்தாள் என்பார்கள். பெண்ணின் களைப்பை நம் சமூகம் மதிக்காமல் இல்லை. மதிக்கிறது. புருஷனுக்காக, பிள்ளைக்காக, நாட்டுக்காகக் களைத்தால் பாட்டெழுதும், சிலை வைக்கும். தனக்காகக் களைத்தால் திமிர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். நான் கவிதை எழுதத் தொடங்கிய காலத்தில் எனக்கும் இது நடந்தது. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்தபோது பொறுப்பானவள். அதே நான்கு மணிக்கு எழுந்து எழுதியபோது, "உடம்பைக் கெடுத்துக்காதே."

ஆகவே தோழியின் பக்கம் எனக்கு ஒரு வாதம் இருந்தது. இன்றும் இருக்கிறது. யாருக்கும் பயன்படாத ஒரு கஷ்டத்தைத் தானே தேர்ந்து, தன் உடம்பு எதுவரை போகும் என்று பார்க்கும் உரிமை பெண்ணுக்கு வேண்டும். சமத்துவம் என்பதில் இதுவும் அடக்கம். சம்பளத்திலும் சொத்திலும் சமம் தந்துவிட்டு, வீணாக வியர்க்கும் உரிமையை மட்டும் ஆண்களிடமே வைத்துக்கொண்டால், பெண் இன்னமும் ஒரு கருவிதான். கொஞ்சம் நல்ல விலை கிடைக்கும் கருவி.

இந்த வாதத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இரண்டாம் நாள் பள்ளத்தாக்கில் காத்திருந்தேன். ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு என்று அந்தப் பகுதிக்குப் பெயர். சரிவுகளில் வட்ட வீடுகள், கற்றாழை, ஆடுகள். எங்கள் ராமநாதபுரத்துக் கருவேலங்காட்டில் மலையை வைத்ததுபோல் வெயில். தோழி வரவேண்டிய நேரம் கடந்து முக்கால் மணி ஆகியிருந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் நேரக் கெடு உண்டு. அதற்குள் கடக்காதவரைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு, படகுக்காரர்கள் இறங்கிவரும் ஒற்றையடிப் பாதையில் எதிராக ஏறினேன்.

பாதி தூரத்தில் அவளைப் பார்த்தேன். படகு வலது தோளில். முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து ரத்தம் காலணிக்குள் இறங்கியிருந்தது. படகின் அடியில் கையளவு விரிசல். ஆற்றில் பதினைந்து இடங்களுக்கு மேல் இறங்கி இழுத்திருக்கிறாள். தண்ணீரைக் கொடுத்தேன். ஓடிக்கொண்டே குடித்தாள். நிற்க நேரமில்லை. நான் அவளுக்கு முன்னால் ஓடத் தொடங்கினேன். செகண்டின் வேலை அதுவும்தான்: வழியை ஒழுங்குபடுத்துவது.

ஒரு திருப்பத்தில் எதிரே ஒரு பெண் வந்தார். என் வயது இருக்கும். தலையில் இருபது லிட்டர் வாளி, மேலே மூடி இல்லை, அலம்பாமல் இருக்க ஒரு இலைக்கொத்து போட்டிருந்தார். வாளிக்கும் தலைக்கும் நடுவே புல்லால் திரித்த வளையம். நம்முடைய சும்மாடேதான். சுலு மொழியில் அதற்குப் பெயர் இன்காதா. பின்னால் ஒரு சிறுமி, அவள் தலையிலும் சிறிய வாளி. பாதை ஒருவர் போகத்தான் அகலம். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் முட்புதர்ச் சரிவு.

நான் கை வீசிக் கத்தினேன். வழி, வழி விடுங்கள், போட்டியாளர் வருகிறார்.

அவர் ஒதுங்கினார். மேட்டுப் பக்கம் ஒரு காலை வைத்து ஏறினார். அந்தக் கால் மண்ணில் சறுக்கியது. வாளி சாய்ந்தது. விழவில்லை, கையால் பிடித்துவிட்டார். ஆனால் தண்ணீர் அவர் தோள்மீதும் பாதைமீதும் கொட்டியது. தோழி அந்த ஈரத்தில் கால் வைத்து ஓடிக் கடந்தாள். நானும் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் எங்களைத் திட்டவில்லை. வாளியைக் கீழே இறக்கி, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தோழி கெடுவுக்குச் சில நிமிடம் முன்னால் கடந்தாள்.

அன்றிரவு முகாமில் படகின் விரிசலுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தோம். நீண்ட நேரம் கழித்து அவள் சொன்னாள்: "அந்த மாமாவைப் பார்த்தேன் அக்கா. ஆனா அப்ப எனக்குப் பாதைதான் தெரிஞ்சது." அங்கே மாமா என்றால் அம்மா. வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் சொன்னேன், "நீ படகைச் சுமந்துக்கிட்டு வந்த. நான் சும்மா வந்தேன். கத்தினது நான்தான்."

அந்த இரவில் நான் எனக்கே சொல்லிக்கொண்ட முதல் சமாதானம் 'தேர்வு' என்ற சொல். தோழியின் சுமை அவள் தேர்ந்தது, அந்தப் பெண்ணின் சுமை திணிக்கப்பட்டது. இரண்டும் வேறு, எனவே ஒப்பிடவே கூடாது. இந்தச் சமாதானத்தில் உண்மை உண்டு. எடையை வைத்துச் சுமையை அளக்க முடியாது. எடையைப் பார்த்தால் வாளிதான் கனம், இருபது கிலோ. ஆனால் வேறுபாடு கிலோவில் இல்லை. படகை எந்த நிமிடமும் கீழே போட்டுவிடலாம். போட்டால் ஒரு கார் வந்து ஏற்றிக்கொண்டு போகும், வீட்டில் குளிக்கலாம். வாளியைக் கீழே போட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. விலகிக்கொள்ள முடிகிற கஷ்டத்துக்குத்தான் விளையாட்டு என்று பெயர். விலக முடியாததற்கு வாழ்க்கை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆனால் தேர்வு என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டால் ஒரு பெரிய பொய்க்குள் போய் விழுவோம். அந்தப் பாதையை யார் போட்டார்கள்? பந்தயம் ஆண்டுக்கு மூன்று நாள். மற்ற நாட்களில் அதில் நடப்பவர்கள் அந்தப் பெண்களும் அவர்களுடைய ஆடுகளும்தான். நடந்து நடந்து அவர்கள் போட்ட பாதையில் தோழி ஓடினாள், நான் வழிவிடச் சொன்னேன். எந்தத் தேர்வும் வெட்டவெளியில் நடப்பதில்லை. யாரோ தேராமல் நடந்த நடையின் மேல்தான் நடக்கிறது. நான் விடிகாலையில் எழுதும் உரிமையைத் தேர்ந்தபோது, ஏழு மணிக்கு வந்து பாத்திரம் கழுவியவர் இன்னொரு பெண். அவருக்கு நான் கொடுத்தது சம்பளம். அவர் எனக்குக் கொடுத்தது அந்தக் கவிதை எழுதப்பட்ட நேரம்.

தமிழ் வகுப்பில் இருபது ஆண்டுகளாக நான் நடத்திவரும் புறநானூற்றின் 192ஆம் பாடல் அப்போது வேறு மாதிரி கேட்டது. ஆற்றின் போக்கில் போகும் மிதவையைப் போல உயிரும் முறைவழியே போகும், ஆகவே பெரியவரை வியக்கவும் வேண்டாம், சிறியவரை இகழவும் வேண்டாம் என்று கணியன் பூங்குன்றனார் சொல்வதை நான் எப்போதும் மனம் நெகிழ்ந்தே விளக்குவேன். ஆனால் அந்தப் பாடலின் ஆறு, மழை பெய்து பெருகி, கல்லில் மோதி முழங்கும் பேராறு. நீர் இருக்கும்போது மிதவை போகும். நீர் வற்றினால்? வற்றிய ஆற்றில் மிதவை எங்கும் போகாது. யாராவது அதைத் தூக்கவேண்டும். யார் தூக்குவது என்ற கேள்வி எழும் இடத்தில் ஊழ் முடிந்து அறம் தொடங்குகிறது. பஞ்சம் எல்லாருக்கும் பொது என்று சொல்வது எளிது. நீர் இறங்கும்போதுதான் அடியில் கிடக்கும் கற்கள் தெரிகின்றன. யாருக்காக அணை திறக்கும் நாளை மாற்றலாம், யார் குழாய்க்குத் தண்ணீர் வரும் நாளை மாற்ற முடியாது என்பதும் அப்போதுதான் தெரிகிறது.

பந்தயம் தொடங்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நமக்குத் தெரிந்த ஊர். 1893 ஜூன் 7 இரவு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட நிலையம் அங்கே இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாதது, தில்லையாடி வள்ளியம்மை அடைபட்ட சிறையும் அந்த ஊர்தான் என்பது. கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற 1913ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல். சிறையில் நோயுற்றார். முன்கூட்டியே விடுவிக்க முன்வந்தபோது மறுத்தார். வெளியே வந்தவர் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16.

கீழே போட்டுவிடலாம் என்று இருந்த ஒரு சுமையைப் போடாமல் வைத்துக்கொண்டவர் வள்ளியம்மை. என் கணக்குப்படி விலக முடிகிறது, எனவே தேர்வு. ஆனால் விளையாட்டு இல்லை. மற்ற பெண்களால் கீழே போட முடியாத ஒரு சுமையை அவர் தானாகத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். இங்கே வள்ளியம்மையை உயரத்தில் வைத்து, தோழியைக் கீழே இறக்கிவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். நான் அதைச் செய்யமாட்டேன். பிறருக்காக வருந்தும் பெண் தெய்வம், தனக்காக வருந்தும் பெண் திமிர்பிடித்தவள் என்ற பழைய தராசுக்கே அது மறுபடியும் எடை சேர்க்கும். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி சாகாமல், படகு ஓட்டி, முழங்காலைக் கிழித்துக்கொண்டு, நாற்பத்தொன்று வரை வாழும் ஒரு உலகத்துக்காகவும்தானே சிறைக்குப் போனாள்.

ஆகவே நான் வந்து நிற்கும் இடம் இதுதான். விரும்பிச் சுமக்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் குறுகிய பாதையில் இரண்டு சுமைகள் எதிரெதிரே வரும்போது, விரும்பிய சுமைதான் ஒதுங்கவேண்டும். கீழே போட முடிகிறவர் நிற்கவேண்டும், போட முடியாதவர் கடந்துபோக வேண்டும். கெடு தவறினால் தவறட்டும். தோழிக்கு அந்த நிமிடத்தில் பாதை மட்டும் தெரிந்தது என்றால் அதைத் தெரியவைப்பதுதான் இரண்டாமவளின் வேலை. நான் அவளுக்கு முன்னால் ஓடியது அதற்காக இருந்திருக்க வேண்டும்.

ஒதுங்கிவிட்டால் கணக்குத் தீர்ந்ததா? இல்லை. மரியாதையாக வழிவிடுவது மரியாதை மட்டும்தான், வாளியின் எடையில் ஒரு சொட்டும் அதனால் குறையாது. இதை எனக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். முதுகுளத்தூர் பக்கத்து எங்கள் கிராமத்தில், கோடையில் குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்பித் தூக்கிவந்தவர் என் அம்மா. அந்த நடையைப் பற்றி நான் எழுதிய கவிதை மதுரையில் ஒரு மேடையில் கைதட்டு வாங்கியது. அம்மாவையும் கூட்டிப்போயிருந்தேன். அவருடைய இடுப்பை, குடத்தின் வளைவை, சும்மாட்டின் மேல் ஏறிய நிலவை எல்லாம் எழுதியிருந்தேன். பேருந்தில் திரும்பும்போது அம்மா சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா கழுத்து வலிச்சத எழுதலயே." பிறகு அந்தக் கவிதையை எந்தத் தொகுப்பிலும் நான் சேர்க்கவில்லை.

புகழ்வதும் ஒரு வகையில் வழிவிடச் சொல்வதுதான். சுமப்பவளை ஓரத்தில் நிற்கவைத்து, அழகாக இருக்கிறாய் என்று சொல்லிவிட்டு, நம் வேகத்தில் கடந்துபோகிறோம்.

மூன்றாம் நாள் தோழி டர்பனைச் சேர்ந்தாள். கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும் இடம். முகத்துவாரத்தில் அவள் அம்மா நின்றிருந்தார். வரமாட்டேன் என்றவர்தான். மகளின் காலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கைப்பையிலிருந்து மஞ்சள்தூள் பொட்டலத்தை எடுத்தார். யாருக்காக என்ற கேள்வியை அன்று அவர் கேட்கவில்லை. பதக்கத்தை வாங்கிக் கையில் வைத்து எடை பார்த்தார்.

அந்த வாரமே தோழி பள்ளத்தாக்குக்குப் போய், அந்தப் பெண்ணைத் தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள், என்ன கொடுத்திருப்பாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. நல்லவேளை கிடைக்கவில்லை என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். மன்னிப்பு வாங்கிக்கொண்டு நிம்மதியாக ஊர் திரும்பியிருப்பேன்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு, படகு, வட்ட வீடுகள், புல்லால் செய்த சும்மாடு, நான் கத்தியது, அவர் சறுக்கியது. அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்தது என்று வர்ணிக்கத் தொடங்கினேன். அம்மா குறுக்கிட்டார்.

"எம்புட்டுத் தண்ணி கொட்டுச்சு?"

"பாதிக்கு மேல போயிருக்கும்மா."

"ஊத்து எம்புட்டு தூரம்?"

எனக்குத் தெரியவில்லை. நான் அதைப் பார்க்கவே இல்லை.

அம்மா முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப இன்னொரு நடை போயிருப்பா."